கடை கைமாறும்போது

ஒரு கடை கைமாறுகிறது. சரக்கை எண்ணுகிறோம், பாக்கிகளைப் பேரேட்டில் சரி பார்க்கிறோம், கடையின் நற்பெயருக்கென்று தனியாக ஒரு தொகையும் கொடுக்கிறோம். பிறகு, அங்கேயே நின்று நரைத்துப்போன சிப்பந்தியிடம் வருகிறோம். "உங்களுக்கு வயசாயிட்டுது, நானா. இனி ஓய்வா இருங்க" என்கிறோம். மரியாதையாகச் சொன்னோமே என்று நமக்குத் திருப்தி வேறு!

நாமும் அப்படிச் சொன்னவர்தாம். சில வருஷங்களுக்கு முன் சிங்கப்பூரில் பக்கத்து ஜவுளிக் கடையை வாங்கியபோது, அங்கிருந்த மூவரில் இளைஞர் இருவரை வைத்துக்கொண்டு மூத்தவரை அனுப்பினோம். அவர் வேலையில் என்ன குறை என்று யாரேனும் கேட்டிருந்தால் நம்மிடம் பதில் இல்லை. அவர் வேலையை ஒரு நாள்கூட நாம் பார்க்கவில்லை, வயதைத்தான் பார்த்தோம். அவர் சம்பளம் சற்று அதிகம் என்பதையும் பார்த்தோம். அதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

அவருடைய வாலிபத்தின் உழைப்பை அனுபவித்தவர் பழைய முதலாளி. வயோதிகத்தை மட்டும் நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அன்று நமக்குத் தோன்றிய நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விலை கொடுத்து வாங்கினோமே, அந்த நற்பெயர் யார் சம்பாதித்தது? பழைய முதலாளி பாதி வருஷம் ஊரில் இருப்பார். அளவில் குறையாமல் கிழித்துக் கொடுத்து, பெருநாள் கூட்டத்திலும் முகம் சுளிக்காமல் நின்றவர் இந்த மனிதர். இவர் ஈட்டியதை இன்னொருவரிடம் வாங்கிக்கொண்டு, இவரை வெளியே அனுப்பியிருக்கிறோம்.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது என்பது பிறகுதான் நமக்குத் தெரிந்தது. வியாபாரம் கைமாறினால் ஊழியரின் சேவைக் காலம் அறுபடாமல் புது முதலாளியிடம் தொடரும் என்கிறது சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின் 18ஏ பிரிவு. ஓய்வு வயது 2022 ஜூலையில் 63 ஆயிற்று. 2026 ஜூலை முதல் 64 என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் வயதைக் காட்டி விலக்கக் கூடாது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டமும் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் 25 பேருக்குக் குறைவான இடங்களுக்கு ஆரம்பத்தில் விலக்கு உண்டு. நம் கடைகளில் எத்தனை 25ஐத் தாண்டும்? ஆகவே இந்த விஷயத்தில் நம்மைக் கேட்பவர் நாமேதான்.

கிழவரால் இலாபம் உண்டு, அதனால் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாம் வாதாட வரவில்லை. அது வியாபாரக் கணக்கு. இலாபம் நின்றால் அந்த வாதமும் நின்றுவிடும். மெய்யாகவே கை நடுங்குகிறவரும் இருப்பார். அவருக்கு ஏணி ஏறாத வேலை கொடுக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம். அதுவும் முடியாதென்றால், நம்மிடம் இருந்த மாதங்களை மட்டுமல்ல, அந்தக் கடையில் கழித்த வருஷங்கள் அத்தனையையும் கணக்கிட்டுக் கொடுத்து அனுப்ப வேண்டும். விற்பவரும் விலை பேசும் முன்பே ஆட்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். சாவியைக் கொடுத்த பிறகு இரக்கப்பட்டு என்ன செய்வது?

நம் மூத்தவர் வழக்கென்று எங்கும் போகவில்லை. போன மாதம் பேத்திக்குத் துணி எடுக்க வந்தார். பார்த்துவிட்டு வேண்டாமென்ற துணிகளை, பழைய பழக்கத்தில், தாமே மடித்து அலமாரியில் வைத்தார். விலையைக் குறைத்துச் சொன்னோம். "வேணாம் முதலாளி" என்று முழுப் பணத்தையும் வைத்துவிட்டுப் போனார்.