"அவங்க அப்படி இல்ல சித்தி"

அக்கா மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். கணக்கு நோட்டைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கப் படம். 'ஹைக்யூ' என்கிற ஜப்பானிய வாலிபால் கதையில் வருகிற இரண்டு பையன்கள். ஒருத்தன் தோளில் இன்னொருத்தன் சாய்ந்து கிடக்கிறான். கதையில் அவர்கள் ஒன்றாக விளையாடுகிறவர்கள், அவ்வளவுதான். இவள்தான் ஜோடி சேர்த்திருக்கிறாள். நன்றாகவே வரைந்திருந்தாள். "இவங்க தன்பால் ஈர்ப்பு உள்ளவங்களாடி?" என்று கேட்டேன்.

"சேச்சே, அவங்க அப்படி இல்ல சித்தி. இவனுக்கு இவனப் புடிக்கும், அவ்ளோதான்."

அந்த 'சேச்சே' எனக்குப் பழக்கமானது. எம்.ஏ. படிக்கும்போது விடுதியில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள் ஒருத்தி, "உன்னப் பாத்தா அந்த ஆளுங்க மாதிரியே இல்லடி, எனக்கு நீ நீதான்" என்றாள். அன்றைக்கு அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் என்னை ஏற்றுக்கொண்டாள், எங்கள் தெருவை வெளியே நிறுத்திவிட்டு ஏற்றுக்கொண்டாள் என்பது புரிய வருஷங்கள் ஆயிற்று.

அந்தப் படங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1975 டிசம்பரில் டோக்கியோவில் 'காமிக் மார்க்கெட்' என்ற சந்தை தொடங்கியது. முதல் நாளில் முப்பத்திரண்டு குழுக்கள், சுமார் எழுநூறு பேர். பெரும்பாலும் பெண்கள், மாணவிகள். தாங்களே வரைந்து, தாங்களே அச்சடித்து விற்றார்கள். எண்பதுகளில் 'கேப்டன் சுபாசா' என்ற கால்பந்துக் கதையின் பையன்களைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஜோடி சேர்த்து வரைந்தார்கள். இந்த வகைக்கு 'யாஓய்' என்று பெயர். உச்சமில்லை, முடிவில்லை, அர்த்தமில்லை என்று பொருள்படும் மூன்று சொற்றொடர்களின் முதலெழுத்துகள். அந்தப் பெண்கள் தங்களைத் தாங்களே கேலி செய்து வைத்துக்கொண்ட பெயர்.

ஏன் இரண்டு ஆண்கள்? பெண்ணை வரைந்தால் கூடவே கல்யாணம், கர்ப்பம், மாமியார், மானம் எல்லாம் வந்துவிடும். அதெல்லாம் இல்லாத ஓர் ஆசையை வரைய ஆண் உடம்பைக் கடன் வாங்கினார்கள். எனக்கு இது தப்பாகப் படவில்லை. ஆனால் என்ன வரைந்தார்கள் பாருங்கள். ஒருத்தன் உயரம், அகன்ற தோள். அவன் 'செமே', அதாவது தாக்குகிறவன். இன்னொருத்தன் குட்டை, பெரிய கண், சிவந்த கன்னம். அவன் 'உகே', அதாவது ஏற்கிறவன். எவன் பெயரை முன்னால் எழுதுவது என்பதற்கே ரசிகைகளுக்குள் சண்டை. குடும்பத்தை விட்டு ஓடி வந்தவள் வந்த இடத்திலும் ஒரு புருஷனையும் ஒரு பெண்டாட்டியையும்தான் வரைந்திருக்கிறாள். இந்தக் கதைகளில் அடிக்கடி வருகிற வசனம் ஒன்றும் உண்டு: நான் ஹோமோ இல்லை, நான் காதலிக்கிற நீ ஆணாக இருந்துவிட்டாய், அவ்வளவே. என் மகள் முறைக்காரி சொன்னதும் அதேதான்.

1992இல் சதோ மசாகி என்கிற தன்பால் ஈர்ப்புச் செயல்பாட்டாளர் 'ஷ்வாசிர்' என்ற பெண்ணியச் சிறுபத்திரிகையில் கோபமாக எழுதினார். நம்முடையதைப் போலச் சில பேர் கூடி நடத்திய பத்திரிகைதான். எங்களைப் பொம்மையாக வைத்து விளையாடுகிறீர்கள், அழகான பையன்கள் மட்டும் உங்களுக்கு வேண்டும், அழகில்லாத, வயசான, நிஜமான நாங்கள் வேண்டாம். இரண்டு பெண்கள் புணர்வதை ஒளிந்து பார்த்து ரசிக்கிற ஆண்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். சில பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். சிலர், இது உங்களைப் பற்றியதே இல்லை, எங்கள் கற்பனை, எங்களுக்காக வரைகிறோம் என்றார்கள். விவாதம் சில வருஷம் நடந்தது.

நான் யார் பக்கம்? எங்க வலிய நாங்கதான் எழுதணும் என்று மேடை மேடையாகப் பேசியவள் நான். அப்படிப் பார்த்தால் சதோ பக்கம்தான் நிற்க வேண்டும். ஆனால் எதிரில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறது பதினேழு வயசுப் பெண். அவளுக்கும் இந்த வீட்டில் ஆசைப்பட இடமில்லை. அவள் வரைவது குற்றம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. 'இது உங்களைப் பற்றியதில்லை' என்கிற பதிலைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நம் சேரியைச் சினிமாவில் காட்டிவிட்டு, இது எந்தச் சாதியையும் குறிப்பதல்ல என்று சொல்கிறவர்களும் இதைத்தானே சொல்கிறார்கள்! உடம்பு வேணும், முத்தம் வேணும், பேர் மட்டும் வேணாமா?

யோஷினாகா ஃபுமி என்ற பெண்ணும் இப்படி ரசிகையாகப் படம் வரைந்து வந்தவர்தான். 'ஸ்லாம் டங்க்' கூடைப்பந்துக் கதைப் பையன்களை ஜோடி சேர்த்து வரைந்தவர். அவரே 2007இல் 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' என்ற தொடரைத் தொடங்கினார். ஒரு வக்கீலும் முடிதிருத்துகிறவரும் டோக்கியோவில் சேர்ந்து வாழ்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள். மளிகைச் செலவைக் கணக்குப் பார்க்கிறார்கள். வக்கீல் ஆபீஸில் உண்மையை மறைக்கிறார். மற்றவர் தன் வேலையிடத்தில் மறைப்பதில்லை. அதனாலேயே வீட்டில் சண்டை வருகிறது. இதில் ஒருத்தனும் 'நான் அப்படி இல்லை' என்று சொல்வதில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பாதி கேட்டாள். "அப்ப நான் வரையக் கூடாதா சித்தி?" என்றாள். "வரைடி. அவங்க அப்படித்தான்னு வரைஞ்சா என்ன?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "வகுப்புல ஒரு பையன் இருக்கான். எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. நானும் சிரிச்சிருக்கேன்" என்றாள். நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.