மாய எண்கள் மயங்கிய இடம்

“நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று வேறொன்று சொல்கிறார்கள். இந்த விஞ்ஞானத்தை எப்படி நம்புவது?” என்று ஏளனம் பேசுவோர் உளர். சொன்னதைத் திருத்திக்கொள்வது இழுக்கா? அணுக்கருவிடம் விடை கேட்போம்.

அணுக்கருவில் புரோட்டான்களோ நியூட்ரான்களோ 2, 8, 20, 28, 50, 82 என்ற எண்ணிக்கையில் அமைந்தால் கரு இறுகி நிற்கும். மாய எண்கள் என்பது இவற்றின் பெயர். மாயத்தை விலக்கி, 1949இல் காரணம் காட்டியோர் மரியா கெப்பர்ட் மேயரும் யென்சனும். 1963இல் நோபல் பரிசு அவர்களை நாடி வந்தது.

விதி பொய்யன்று. ஆனால், எவற்றைப் பார்த்து வகுத்த விதி? நிலைத்து வாழும் கருக்களையும் அவற்றின் அண்டை அயலையும் பார்த்து! நியூட்ரான் மிகுந்து, நொடிப்பொழுதில் சிதையும் கருக்களைக் கேட்டோமா?

1985இல் கேட்டனர். தனிஹாட்டா குழுவினர் அமெரிக்காவின் பெர்க்லியில் லித்தியம்-11 கருக்களை இலக்கின்மீது பாய்ச்சி, சிதையாமல் வெளிவந்தவற்றை எண்ணினர். சிதைந்தவை மிகுதியெனில் கரு பெரிதன்றோ? அதில் நியூட்ரான்கள் 8, மாய எண்ணேதான். ஆயினும் இறுகியிருக்கவில்லை, எதிர்பார்த்ததினும் பெரிதாய்ப் பரந்திருந்தது. இரு நியூட்ரான்கள் நடுக்கருவை விட்டு விலகி, நிலவைச் சூழும் ஒளிவட்டம்போல் நின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று.

ஜப்பானின் ரிக்கென் ஆய்வகம் மேலும் சென்றது. 2013இல் கால்சியம்-54 கருவில் 34 என்னும் புதிய மாய எண் புலப்பட்டது. 2023இல் ஆக்சிஜன்-28 அகப்பட்டது. புரோட்டான் 8, நியூட்ரான் 20. இரண்டும் மாய எண்கள்! ஆனாலும் அது தோன்றியவுடனே நான்கு நியூட்ரான்களை உதிர்த்துக் கலைந்தது.

விதிக்கு அடங்காதவற்றை விலக்கென்று ஒதுக்கியிருக்கலாம், ஒதுக்கவில்லை. விதியைக் குப்பையில் எறிந்திருக்கலாம், எறியவும் இல்லை. நிலையற்ற வெள்ளீயம்-132 கருவில் 50உம் 82உம் உறுதியாகவே நிற்கின்றன. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று விதியின் எல்லையை வரைந்தனர்.

மாறுவதெல்லாம் மேன்மையன்று. வசதி கண்டு மாறுவது சந்தர்ப்பவாதம். சான்று கண்டு மாறுவதே நேர்மை. தோழர்களே, பிறர் கொள்கையைச் சான்றால் உரசிப் பார்க்க நாம் தயங்குவதில்லை. நம் கொள்கைக்கு அடங்காத உண்மையொன்று வாயிலில் வந்து நின்றால் கதவைத் திறக்கிறோமா, தாழிடுகிறோமா? பகுத்தறிவாளர் என்னும் பெயருக்கு நாம் உரியவரா என்பதை அந்தக் கதவே சொல்லும்.