ஒருவர் உடலும் பலர் நலமும்

பிறர் நன்மையின் பொருட்டு ஒருவருடைய உடலில் ஊசி ஏற்றுதல் அறமாகுமா? மருத்துவர்க்குரிய வினாப்போலத் தோன்றினும் இது ஒழுக்கவியலுக்குரிய வினாவேயாம். மலையகத்தில் இதற்கு ஒரு வரலாறும் உண்டு.

நியூமோகொக்கஸ் என்னும் நுண்ணுயிர் பெரும்பாலும் சிறு குழந்தைகளின் மூக்கின் உட்புறத்தே குடியிருக்கின்றது. அங்கு அது வாளா இருப்பதே மிகுதி. ஆயினும் இருமலோடும் தும்மலோடும் வெளிப்பட்டு, மற்றொரு மழலைக்கோ முதியவருக்கோ நுரையீரல் அழற்சியையும் மூளைக்காய்ச்சலையும் விளைவிக்கவல்லது. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா இதற்கெதிரான தடுப்பூசியைக் குழந்தைகளுக்கு வழங்கத் தொடங்கிற்று. சில ஆண்டுகளுள், ஊசி பெற்ற குழந்தைகளிடையே மட்டுமன்றி, ஊசியே பெறாத முதியோரிடையேயும் இக்கிருமியால் வரும் கடுநோய் குறைந்தது. பேரனுக்கு இட்ட ஊசி பாட்டியையும் காத்தது.

இதனை நுவரெலியா, ஹட்டன் பகுதி லயன்களில் வைத்து நோக்குக. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவொன்றில் மூன்று தலைமுறை, விறகுப் புகை, குளிருக்கு அடைத்த கதவு. பகலெல்லாம் பிள்ளைக்காம்பராவிலிருந்த குழந்தை இரவில் பாட்டியின் அருகே உறங்குகின்றது. மூச்சைப் பங்கிடாது வாழ இயலாத இவ்விடத்தில், என் உடல் என் பாடு என்னும் வாதம் நெடுந்தூரம் செல்லாது. அன்றியும் ஊசி அக்குழந்தையையே முதலிற் காக்கின்றது.

எனினும் பொதுநலன் என்ற சொல்லைக் கேட்டதும் வணங்கிவிட நம்மால் முடியாது. நம் முன்னோர் கடல் கடக்குமுன் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு அம்மைப்பால் குத்தப்பட்டனர். அதனால் அவர்களும் பயன்பெற்றனர் என்பது மெய்யே. ஆனால் அம்முகாம் எழுந்தது அவர்கள் கொண்டுவரக்கூடிய நோயினின்றும் இத்தீவைக் காப்பதற்காக. காக்கப்படவேண்டிய பொதுவினுள் அவர்கள் எண்ணப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அதனை எழுத்திலேயே உரைத்தது.

ஆகவே, பிறர்பொருட்டு ஊசி ஏற்பது கொடையா சுமையா என்பது, அப்பொதுவினுள் நாமும் உளமா என்பதைப் பொறுத்தது. 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் இவ்வகையிற் போற்றத்தக்கது. 2008இல் ஹிப் கிருமிக்கெதிரான மருந்து அதனுட் சேர்ந்தபோது, கொழும்புக் குழந்தைக்கும் கொட்டகலைக் குழந்தைக்கும் ஒரே ஊசி விலையின்றி உரித்தாயிற்று. நியூமோகொக்கஸ் ஊசியோ 2020இலும் அவ்வட்டவணைக்கு வெளியே நின்றது; விலை கொடுத்தோர்க்கே கிட்டியது. அயலிலுள்ள இந்தியா 2017இற் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் அதனை நாடெங்கும் விரித்தது.

விலைகொடுத்துத் தம் பிள்ளையைக் காத்த பெற்றோரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் நூற்றில் இருவர் மூவர் பெறும் ஊசி அவர்களையே காக்கும். கிருமியின் உலாவைத் தடுக்காது. குழந்தைகளுட் பெரும்பாலோர் பெறும்போதுதான் பாட்டிக்கும் காப்பு உண்டாகின்றது. அக்காப்பை எவரும் தனியே விலைக்கு வாங்க முடியாது. நெருக்கத்தில் வாழ்வோர்க்கே அது மிகுதியும் வேண்டும். விலைகொடுக்க வலியற்றவரும் அவர்களே. இத்தகைய ஊசியின் செலவைக் கணக்கிடும் அதிகாரிகள், குழந்தையோடு அதே காம்பராவிலுள்ள முதியவரையும் பயன்பெறுவோருள் ஒருவராக எண்ணுதல் வேண்டும்.