இரவும் பகலும் வளரும் புண்ணியம்



சங்யுத்த நிகாயத்தில் வனரோப சூத்திரம் என ஒரு சிறு சூத்திரம் உளது. தேவன் ஒருவன் பகவானை அணுகி, எவருடைய புண்ணியம் இரவும் பகலும் ஓயாது வளர்கின்றது என வினவுகின்றான். பகவான் அருளிய விடையில் யாகம் இல்லை, பலி இல்லை, பொன்னும் மணியும் இல்லை. தோப்பு வைப்போர், சோலை வளர்ப்போர், பாலம் அமைப்போர், தண்ணீர்ப் பந்தல் இடுவோர், கிணறு தோண்டுவோர், தங்க இடம் தருவோர் ஆகியோரின் புண்ணியமே அவ்வாறு வளரும் என்பதே அவ்விடையின் பொருள்.

இரவும் பகலும் என்றது ஏன்? பசித்தவனுக்கு ஒரு வேளை சோறிட்டால் அவ்வேளைப் பசி தீரும். அதுவும் பேரறமே. ஆனால் புளியமரம் ஒன்றை வைத்து வளர்த்தவனுடைய அறம், அவன் உறங்கும்போதும் நடந்துகொண்டிருக்கின்றது. பகலில் அதன் நிழலில் ஆடு மேய்ப்பவன் இளைப்பாறுகின்றான். இரவில் அதன் கிளைகளில் பறவைகள் அடைகின்றன. வைத்தவன் மாண்ட பின்னரும் அவன் பெயர் அறியாத பிள்ளைகள் அதன் பழத்தை உலுக்கித் தின்கின்றனர்.

எனினும் ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. மரம் வளர்ந்தால் அன்றோ புண்ணியம் வளரும்? நட்ட கன்று மூன்றாம் மாதத்தில் கருகினால் வளர்வது யாது? ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாளில் கன்று நடு விழாக்கள் நிகழ்கின்றன. மேடை உண்டு, மாலை உண்டு, புகைப்படம் உண்டு. மறு ஆண்டில் அதே குழியில் வேறொரு கன்று நடப்படுவதையும் காண்கின்றோம். ஆகவே, ஒரு மாவட்டத்தைப் பசுமையாக்க விழைவோர்க்கு மூன்று இன்றியமையாதன என்போம். அறிவு ஒன்று, சமத்துவம் ஒன்று, சீலம் ஒன்று. இம்மூன்றையும் நாம் வாழும் கோலார் மாவட்டத்தை வைத்தே ஆராய்வோம்.

இம்மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஆண்டு மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் அளவே. இதனை நன்குணர்ந்த முன்னோர் சரிவுதோறும் ஏரி கட்டினர். மேலேரி நிறைந்து கோடி போனால் அந்நீர் கீழேரியை நிரப்பும். கீழேரி நிறைந்தால் அடுத்த ஏரிக்குச் செல்லும். ஆயிரக்கணக்கான ஏரிகள் இவ்வாறு மணிமாலை போல் கோக்கப்பட்டிருந்தன. இம்மாவட்டத்து நீரை ஏந்தி, பேத்தமங்கலம் கடந்து செல்லும் பாலாறு, ஆந்திரத்தில் புகுந்து, வேலூர், காஞ்சிபுரம் பக்கமாகச் சென்று கடலை அடைகின்றது. அதன் 348 கிலோமீட்டர் நீளத்தில் 93 கருநாடகத்திலும், 33 ஆந்திரத்திலும், 222 தமிழ்நாட்டிலும் உள. இங்கே ஒரு வரத்துக்கால் அடைபட்டால் அங்கே ஒரு கிணறு வாடும். ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்று பகவான் உரைத்த தத்துவத்தைப் பாமரரும் அறியும்படி காட்டுவதற்கு இவ்வேரித் தொடரினும் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

இத்தொடர் அறுந்தது எவ்வாறு? ஆழ்துளைக் கிணறு வந்தது. ஏரி எதற்கு என்னும் எண்ணமும் உடன் வந்தது. கரை உடைந்தும், வண்டல் மேவியும், சீமைக்கருவேல் அடர்ந்தும், அளவைக்கல் பெயர்க்கப்பட்டும் ஏரிகள் அழிந்தன. கிணறுகளோ ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கின. அங்கிருந்து ஏறி வந்த நீரில் பல ஊர்களில் ஃபுளோரைடு மிகுந்திருந்தது; அது சிறுவர் பல்லில் கறையாகவும் முதியோர் எலும்பில் நோயாகவும் படிந்தது.

பொன் வயலின் கதையும் இதுவே. 1880இல் தொடங்கிய சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. எடுத்த பொன் ஏறக்குறைய 800 டன் என்பர். அதற்காக அரைத்துக் கொட்டிய மண்ணோ 3 கோடி டன்னுக்கும் மேல். பொன் எங்கோ போயிற்று. சயனைடு மேடு இங்கே நின்றுவிட்டது. காற்றடிக்கும் மாதங்களில் அதன் தூசியை மூச்சாக இழுப்போர், அப்பொன்னில் ஒரு குன்றிமணியும் அணியாதவரே. வேட்கையின் பயனை ஒருவர் கொள்ள, அதன் கசடை வேறொருவர் சுமப்பது எந்நாளும் நடக்கும் அநீதி. எனவேதான் பசுமைப் பணி நமக்கு வெறும் அழகுப் பணி அன்று, நீதிப் பணியாகும்.

முதலாவது, அறிவு. மரம் என்று பெயர் கொண்டன எல்லாம் ஊருக்கு உதவுவன அல்ல. 1980களில் சமூகக் காடு வளர்ப்பு என்னும் பெயரால் நம் மாவட்டத்துக் கேழ்வரகு நிலங்கள் பலவற்றில் தைலமரம் ஏறியது. தொலைவிலிருந்து காண்போர்க்கு அது பச்சையே. ஆனால் அதன் இலையை ஆடு தின்னாது. அதன் கீழே புல்லும் செழிக்காது. அம்மரம் ஊருக்குக் கனி தரவில்லை. ஆலைக்குக் கூழ்மரம் தந்தது. 1983இல் தும்கூர் மாவட்டத்து விவசாயிகள் வனத்துறை நாற்றங்காலில் புகுந்து, தைலக் கன்றுகளைப் பிடுங்கி, அவ்விடத்தில் புளிய விதையும் மாங்கொட்டையும் ஊன்றினர். 2017இல்தான் கருநாடக அரசு தைலமரம் புதிதாக நடுவதற்குத் தடை விதித்தது. படியாத உழவர் கண்ட உண்மையைப் படித்தவர் காண 34 ஆண்டுகள் ஆயின!

இவ்வூர்களில் முன்னாளில் குண்டுதோப்பு என ஒன்று இருந்தது. மா, பலா, புளி, நாவல், புங்கு, ஆல், அரசு முதலியன செறிந்த ஊர்ப்பொதுத் தோப்பு அது. எதனை நடுவது என்னும் ஐயம் உடையோர் எஞ்சியுள்ள குண்டுதோப்பு ஒன்றைச் சென்று காண்க. இந்த மண்ணும் மழையும் ஏற்ற மரங்களை அதுவே சொல்லும்.

இரண்டாவது, சமத்துவம். ஏரி மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு நாழிகை நீர் என்று அளந்து, நள்ளிரவு மழையிலும் கரை மீது நின்று காவல் புரிந்தவர் யார்? நீருகண்டி என்று கன்னடத்திலும் நீர்க்கட்டி என்று தமிழிலும் அழைக்கப்பட்டவர் அவர். நம் மாவட்டத்தில் அவர் பெரும்பாலும் தீண்டாதார் எனத் தள்ளப்பட்ட குலத்தவர். நீரைப் பிறர்க்குப் பங்கிட்ட கைக்கு, ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள உரிமை இல்லை. கதிர் அறுக்கையில் களத்து மேட்டில் அளந்து போட்ட தானியமே அவருக்குக் கூலி.

பரம்பரைக் கிராம உத்தியோகங்களை ஒழிக்கும் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. பிறப்பால் வரும் கட்டாயப் பணி ஒழிந்தது நன்றே. அதனைக் குறைகூறுவார் நம்மில் இல்லை. ஆனால் அப்பணிக்குரிய அறிவை மதித்து, நியாயமான கூலி தந்து, விரும்பியவர் எவராயினும் ஏற்கும் தொழிலாக அதனை அமைத்த ஊர்கள் மிகச் சிலவே. காவலர் போனார், காவலும் போயிற்று. அடிமை வேலையாக மட்டுமே ஒரு பணியை நடத்தத் தெரிந்த ஊர், அடிமை விடுதலை பெற்றதும் அப்பணியையே இழந்தது. சாதி மனிதனை மட்டுமன்றி ஏரியையும் கெடுக்கும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கிப் பாபாசாகேப் அம்பேத்கர் நீர் அருந்தினார். ஆயிரக்கணக்கானோர் அவரைத் தொடர்ந்தனர். பொதுநீர் எல்லார்க்கும் பொது என்பதே அன்று நாட்டப்பட்ட அறம். அசோகச் சக்கரவர்த்தியின் இரண்டாம் பாறைச் சாசனத்தைக் காண்க. மருந்துச் செடிகளை வருவித்து நடுவித்ததும், வழிகளில் கிணறு தோண்டி மரம் வைத்ததும் மனிதர்க்கும் விலங்குகட்கும் என்றே அது கூறுகின்றது. அவ்வறம் பரவிய நாடுகளில் சோழர், பாண்டியர் நாடுகளும் அங்கே பெயர் சொல்லப்படுகின்றன. இன்ன குலத்தார்க்கு நிழல், இன்ன குலத்தார்க்கு இல்லை என ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆகவே எந்த ஊரில் ஏரிச் சங்கம் அமைத்தாலும், அதில் நிலம் உடையாரோடு நிலமற்ற கூலியாளும், சேரி மாதரும் சமமாக அமர வேண்டும். மண் சுமக்க மட்டும் அழைத்து, மீன் குத்தகையும் வண்டல் பங்கும் பேசும் நாளில் அவர்களை மறந்தால், அது பசுமை அன்று. பழைய அடிமைத்தனத்தின் மேல் பூசிய பச்சை வண்ணமே.

மூன்றாவது, சீலம். சீலம் என்பது ஒருநாள் உற்சாகம் அன்று. நாள்தோறும் காக்கும் கட்டுப்பாடு. நூற்பாலையில் உழைத்தோர் இதனை அறிவர். கதிரில் இழை அறுந்தால் அக்கணமே முடிய வேண்டும். பிறகு முடிவோம் என்று விட்டால் பஞ்சு வீணாகும், நூலும் குறையும். அவ்வளவுதான் அத்தொழிலின் இரகசியம். ஏரிக்கரையில் நண்டு வளை ஒன்று கண்டால் அன்றே அடைப்பதும் அத்தகையதே.

இச்சீலத்தை ஓர் ஊரே மேற்கொண்டால் விளைவது யாது என்பதற்கு மராட்டிய மாநிலத்து ஹிவரே பஜார் சான்று பகர்கின்றது. இன்று அஹில்யாநகர் எனப்படும் அகமத்நகர் மாவட்டத்தில், நம்மூரிலும் குறைந்த மழை பெறும் சிற்றூர் அது. 1972ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின் பிழைப்புத் தேடி மக்கள் வெளியேறிய ஊர். 1989இல் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரான பின்னர், மரம் வெட்டாமை, கால்நடையைக் கட்டின்றி மேயவிடாமை, மது விலக்கு, குடும்பக் கட்டுப்பாடு, ஊருக்கு உடலுழைப்பு நல்குதல் என்னும் ஐந்து விதிகளை ஊர்ச்சபை ஏற்றது. குன்றுகளில் வரப்பு வெட்டினர், தடுப்பணை கட்டினர். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில்லை என்றும், கரும்பும் வாழையும் பயிரிடுவதில்லை என்றும் உறுதி பூண்டனர். ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, குடிப்பதற்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, பயிருக்கு இவ்வளவு என நீருக்கு வரவு செலவுக் கணக்கு எழுதுகின்றனர். வெளியேறியவர் பலர் திரும்பி வந்தனர். அவ்வூரார் தெய்வ வரம் பெற்றிலர், கட்டுப்பாடு பெற்றனர். பஞ்சசீலம் உச்சரிக்கும் நமக்கு அந்த ஐந்து விதிகள் அந்நியமாகத் தோன்றுமோ?

விநய விதிகளையும் நோக்குக. பிக்கு பசும்புல் மீதும் நீரிலும் எச்சில் உமிழலாகாது, மலசலம் கழிக்கலாகாது என்பது விதி. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியே நம் மாவட்டத்து ஏரிகளுக்கு வருகின்றது. வறண்ட ஏரிகள் நிறைந்தன. கிணறுகளிலும் நீர் ஏறியது. எனினும் இரண்டு கட்டச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று இம்மாவட்டத்தார் கேட்டு வருகின்றனர். அக்கேள்வி நியாயமானது. தன் வீட்டுச் சாக்கடை யாருடைய ஏரியில் விழுகின்றது என்று நகரத்தான் ஒவ்வொருவனும் எண்ண வேண்டும் என்பதே அவ்விதியின் இன்றைய பொருள்.

குப்பை குறித்தும் ஒன்று கூறுவோம். தமக்குத் தானமாக வந்த ஐந்நூறு ஆடைகளை என் செய்வீர் என்று உதயண மன்னன் கேட்க, ஆனந்த தேரர் கூறிய விடை விநயத்தில் உளது. புதியவை பிக்குகளுக்கு, பழையவை விரிப்புக்கு, பழைய விரிப்பு மெத்தை உறைக்கு, பழைய உறை தரைவிரிப்புக்கு, அதுவும் தேய்ந்தால் கால்மிதிக்கு, பின்னர்த் தூசி துடைக்க, இறுதியில் கிழித்து மண்ணுடன் குழைத்துப் பூச. நூலிழையின் அருமை அறிந்த யாம் இக்கதையை வாசிக்குந்தோறும் வணங்குகின்றோம். ஒருமுறை தொட்டு எறியும் பிளாஸ்டிக் பையை ஏரிக்கு அனுப்பும் நாம், அத்தேரரிடம் பயில வேண்டியது மிகுதி.

உபாசகர்களே! இனிச் செய்யத்தக்கன கேளீர். ஒவ்வொரு பௌர்ணமியிலும் உபோசதம் காத்தபின், அரை நாள் உழைப்பை ஊர் ஏரியின் வரத்துக்காலுக்குத் தருக. கோடை முடிவதற்குள் வண்டலை எடுத்து, முதற்கண் சிறு நிலத்தார் வயலுக்கு இடுக. ஏரிக்கும் குண்டுதோப்புக்கும் எல்லை அளந்து கல் நடுமாறு கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் மனு, ஊரே கேட்டால் ஆணை. வீட்டுக்கு ஒரு கன்று போதும். அதற்கு மூன்று கோடை நீர் ஊற்றும் பொறுப்பை ஒரு குடும்பம் ஏற்க வேண்டும். மதகு காப்போர்க்கு ஊர்ப்பணத்தில் கூலி வகுத்து, சபையில் இருக்கையும் தருக.

போதி எய்திய பின்னர் பகவான் தமக்கு நிழல் தந்த அரசமரத்தை ஒரு வாரம் இமையாது நோக்கி நின்றார் என்று மரபு கூறும். உலகுக்கே ஆசானாகிய அவர் ஒரு மரத்துக்கு நன்றி செலுத்தினார். வைசாகப் பௌர்ணமியில் அரசடியில் விளக்கேற்றும் நாம், அவ்விளக்கோடு ஒரு குடம் நீரும் கொண்டு செல்வோமாக.

மழை காலத்தில் பொழிக! ஏரிகள் நிறைக! எவ்வுயிரும் நலம் பெறுக!

நமோ புத்தாய!