பார்த்துப் போகக் கூடாதா?

வேடசந்தூர் பக்கம் போயிருக்கிறீர்களா? ரோட்டோரம் நூற்பாலைகளாக வரும். ஏதாவது ஒரு கேட்டுக்குள் எட்டிப் பாருங்கள், பஞ்சு பேல் ஏற்றிவந்த லாரி நிற்கும். ஒரு பேல் 170 கிலோ. ஒரு காலத்தில் மனுஷன்தான் அதை உருட்டிப் புரட்டி இறக்கினான். இப்போது பல இடங்களில் ஃபோர்க்லிஃப்ட் வந்துவிட்டது. நல்லதுதான், நாலு பேர் முதுகு தப்பித்தது.

ஆனால் அந்த வண்டி காரைப் போல இல்லை. அதில் திரும்புவது பின் சக்கரம். முன்பக்கம் இடது பக்கம் ஒடித்தால், பின்பக்கம் வலது பக்கம் வீசிக்கொண்டு வரும். 'நம்ம பக்கம் வரலையே' என்று அசால்ட்டாக நிற்பவர்தான் மாட்டுவார். 3 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே ஏறக்குறைய 4 டன். பேலை உயர்த்திப் பிடித்தால் டிரைவருக்கு எதிரே இருப்பது தெரியாது. வண்டி சாயும்போது குதித்தால் அதன் கூரைச் சட்டமே மேலே விழும்; பெல்ட் போட்டு சீட்டிலேயே இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்தால்தானே தெரியும்? பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் சீமையில், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் யார் வேண்டுமானாலும் ஏறி ஓட்டலாம்.

சரி, ஒருவருக்குக் கால் போய்விட்டது என்று வையுங்கள். நம் வாயில் முதலில் வருவது என்ன? "அவன் பார்த்துப் போகக் கூடாதா?"

இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட 200 வயது. 1835-ல் இங்கிலாந்தில் கசாப்புக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்த ப்ரீஸ்ட்லி என்பவன் முதலாளியின் சரக்கு வண்டியில் போனான். அளவுக்கு மீறிய பாரம். வண்டி உடைந்து, தொடை எலும்பு முறிந்தது. ஜூரிகள் 100 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். 1837-ல் அபிங்கர் பிரபு அதை ரத்து செய்துவிட்டார். பாரம் அதிகம் என்பது முதலாளியைவிட வேலைக்காரனுக்கே நன்றாகத் தெரிந்திருக்குமே, வேண்டாமென்றால் மறுத்திருக்கலாமே என்பது அவர் வாதம்.

மறுத்திருக்கலாமே! கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒரு லோடுமேன் மறுத்துப் பார்க்கட்டும். மேஸ்திரி திட்டமாட்டார். மறுநாள் கூப்பிடமாட்டார். அவ்வளவுதான்.

ஆபத்து தெரிந்திருப்பது வேறு, அதை மாற்ற முடிவது வேறு. ஆளும் வண்டியும் ஒரே வழியில் போகணும் என்று லோடுமேனா தீர்மானித்தார்? ஆறு மணிக்குள் லாரி கிளம்பணும் என்று அவரா சொன்னார்?

டிரைவர் செல்போன் பேசிக்கொண்டே ஓட்டினால்? தப்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் கைப்பிடிச்சுவர் இல்லாத மொட்டை மாடியிலிருந்து குடித்தனக்காரர் குழந்தை விழுந்தால், "ஓடினது அதுதானே" என்று வீட்டுக்காரர் சொல்ல முடியுமா? ஒருவரின் தப்பு இன்னொருவர் கணக்கைக் கழிக்காது.

நம் நாட்டில் 1923-லேயே இழப்பீட்டுச் சட்டம் வந்தது. முதலாளி தப்பு செய்தாரா என்று அது தேடவில்லை. வேலையில் அடிபட்டதா, பணம் கொடு என்றது. காண்ட்ராக்டர் ஆளா? முதலில் நீ கொடு, அப்புறம் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள் என்றது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்தபோதும் இந்த ஏற்பாடு போகவில்லை. (இ.எஸ்.ஐ. இருப்பவர்களுக்கு அந்த வழி.) "அவன் எங்க ஆளே இல்லை சார்" என்பது நூறு வருஷத்துக்கு முன்பே செல்லாமல் போன வசனம்.

பணம் வரும். கால் வராது. அதனால் எனக்கு முக்கியமாகப் படுவது விபத்துக்கு முந்தைய நாள்தான். "சின்ன குடோன் சார், எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்பார்கள். தரையில் மஞ்சள் கோடு, மூலையில் ஒரு குவிகண்ணாடி, பயிற்சி எடுத்தவர் கையில் மட்டும் சாவி. வண்டி வாங்கிய பணத்துக்கு முன்னால் இது எந்த மூலைக்கு?

நீங்கள் குடோன் வைத்திருப்பவரா? நாளைக்கு லோடு இறங்கும்போது பத்து நிமிஷம் ஓரமாக நில்லுங்கள். தண்ணீர்ப் பானைக்கு உங்கள் ஆட்கள் எந்த வழியாகப் போகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.