மிகையும் பொய்யும்

சென்ற மார்கழியில், நான் வேலை செய்யும் உணவகத்தின் கோப்பை கழுவும் அறையில் நடந்த சிறு சம்பவம் ஒன்றிலிருந்து இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. நத்தார் விருந்துக் காலம். ஒஸ்லோவில் உள்ள கம்பனிகள் எல்லாம் தங்கள் ஊழியர்களைச் சாப்பிட அழைத்து வரும் மாதம். இரவு பதினொன்றரைக்கு மேல்தான் எங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். என்னோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர் (அறுபதைத் தாண்டியவர், நான் பிறந்த காலத்தில் இங்கே வந்தவர்) கைத்தொலைபேசியைக் கோப்பை மெசினில் சாய்த்து வைத்து ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்சன் துரையோடு கட்டபொம்மன் வாதாடும் கட்டம். அண்ணையின் உதடுகளும் கூடவே அசைந்தன. உள்ளே வந்த இளம் சமையற்காரன், நோர்வேஜியன், நல்ல பெடியன், எட்டிப் பார்த்துவிட்டு இது பகிடிப் படமா என்று கேட்டான்.

நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் இப்படித்தான் அளவுக்கு மிஞ்சி நடிப்பார்கள் என்று அவனுக்கு விளக்கமும் சொன்னேன். அண்ணை ஒன்றும் பேசவில்லை. படத்தை நிறுத்திவிட்டு அடுத்த தட்டுகளை மெசினுக்குள் தள்ளினார். அவன் போன பிறகுதான் கேட்டார்: “அவனுக்கு விளங்காது எண்டால் சரி. நீ ஏன் தம்பி சிரிச்சனி?”

என்னிடம் பதில் இருக்கவில்லை.

சிவாஜி கணேசன் 2001 யூலை 21 இல் இறந்தார். இத்தனை வருடம் போயும் அவர் மேலுள்ள வழக்குத் தீரவில்லை. ஒரு பிறந்தநாள் விருந்தில் நாலு தமிழர் கூடினால் போதும். உலகத்தில் அவரைப் போல நடிகன் இல்லை என்று ஒருவர் தொடங்குவார்; அது நடிப்பில்லை, நாடகம் என்று இன்னொருவர் வெட்டுவார். விருதுகளைக் கொண்டு வந்தாலும் தீர்ப்புக் கிடைக்காது. கட்டபொம்மனுக்காக 1960 இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது. பிரெஞ்சு அரசின் செவாலியே. இந்தியாவின் தாதா சாகேப் பால்கே. ஆனால் சிறந்த நடிகருக்கான இந்திய தேசிய விருது ஒருமுறைகூட அவருக்கு இல்லை. ‘தேவர் மகன்’ (1992) படத்துக்கு நடுவர்களின் சிறப்பு விருது என்று ஒன்றை அறிவித்தபோது அவர் அதை ஏற்கவில்லை. ஒரு கட்சிக்கு இது புதுடெல்லி தமிழனுக்குச் செய்த அநியாயம். மறு கட்சிக்கு, விஷயம் தெரிந்தவர்களின் கணிப்பு.

இது எங்களுக்கு மட்டும் உரிய வழக்கும் அல்ல. வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த ரிச்சர்ட் பேர்ட்டனை (1925-1984) எடுத்துக்கொள்ளுங்கள். வேல்ஸ் மொழி பேசி வளர்ந்து, ஆங்கில மேடையில் ஹம்லெட்டாக நின்றவர். ஒஸ்கார் விருதுக்கு ஏழு தடவை பரிந்துரைக்கப்பட்டு ஒருமுறையும் வெல்லாதவர். அந்தக் குரலுக்கு ஈடில்லை என்று ஒரு சாரார். கமராவுக்கு முன்னால் குரலைத் தவிர வேறொன்றும் நடிக்கவில்லை, பணத்துக்காகத் திறமையை வீணடித்தார் என்று மறு சாரார். ஆனால் பேர்ட்டனைப் பற்றிச் சண்டை பிடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை பிடித்தார்கள். எங்கள் சண்டையில் அளவுகோலே இரண்டு. அதில் ஒன்று நாங்கள் செய்தது அல்ல.

1928 இல் பிறந்த கணேசன் சிறுபிள்ளையாக நாடகக் கம்பனியில் சேர்ந்தவர். பெண் வேடம் கட்டி வளர்ந்தவர். அண்ணாதுரையின் நாடகத்தில் மராட்டிய மன்னன் சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் வைத்த பெயர்தான் கடைசிவரை நின்றது. 1952 இல் ‘பராசக்தி’யோடு படத்துக்கு வரும்போது அவருடைய உடம்பு ஏற்கெனவே ஒரு பயிற்சியில் ஊறிப்போய் இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் மண்ணில் குந்தியிருக்கிறவனுக்கும் அரசனின் கோபம் போய்ச் சேர வேண்டும். புருவம் துடித்தால் அவனுக்குத் தெரியாது. கை எழும்ப வேண்டும். எங்களூரில் நடிகமணி வி.வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்த அப்பா சொல்லுவார், அரிச்சந்திரன் சுடலையில் நின்று பாட எடுக்கும்போது கோயில் வீதியே அழுமாம். அதை ஒருவரும் மிகை நடிப்பு என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. அதே உடம்பு திரைக்கு வந்தபோதுதான் எங்களுக்கு வெட்கம் வந்தது.

வெட்கம் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். என்னுடைய சிரிப்பு இரசனையிலிருந்து வரவில்லை.

ஒஸ்லோவின் தேசிய அரங்கு 1899 இல் திறக்கப்பட்டது. அதன் முன்னால் இப்சன் சிலையாக நிற்கிறார். வீட்டு விறாந்தையில் மனிதர்கள் கதைக்கிற குரலிலேயே ஒரு குடும்பம் இடிந்து விழுவதைக் காட்டலாம் என்று உலகத்துக்குச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். அது பெரிய காரியம், மறுப்பில்லை. ஆனால் அந்த அடக்கம் இந்த மண்ணின் பழக்கம். அக்செல் சாண்டமூசெ 1933 இல் எழுதிய நாவலில் வரும் யாந்தே சட்டத்தை இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். நீ உன்னை ஒரு ஆளாக நினைத்துக்கொள்ளாதே என்பதுதான் அதன் சாரம். (அந்த நாவலின் தலைப்பிலேயே ‘அகதி’ என்று பொருள்படும் சொல் உண்டு. அதற்காகத்தான் நான் முதலில் அதைக் கையில் எடுத்தேன். நாவல் எங்களைப் பற்றியது அல்ல.) சாவீட்டிலும் குரல் உயராத மனிதர்கள் இவர்கள். அதே மனிதர்கள் ஹோல்மன்கொல்லனில் பனிச்சறுக்குப் போட்டி நடக்கும் நாளில் மணி ஆட்டிக் கத்துவதைப் பார்க்க வேண்டும்! எங்கே மிஞ்சலாம், எங்கே மிஞ்சக்கூடாது என்பதற்கு ஊருக்கு ஊர் ஓர் அனுமதி இருக்கிறது, அவ்வளவுதான். அந்த அனுமதியை ‘இயற்கை’ என்று பெயர்மாற்றி மற்றவனை அளக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன என் மெய்யியல் படிப்பில் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். நடிகன் தான் அழாமல் இருந்தால்தான் பார்ப்பவனை அழவைக்கலாம் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் திதறோ வாதிட்டது நினைவிருக்கிறது. அது சரியானால், நடிப்பின் உண்மையை நடிகனின் நெஞ்சுக்குள் தேடிப் பயனில்லை. தொல்காப்பியம் இதை வேறு பக்கத்திலிருந்து தொடுகிறது. அது உணர்ச்சி என்று பேசவில்லை, மெய்ப்பாடு என்று பேசுகிறது. மெய்யில் படுவது. உடம்புக்கும் உண்மைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி எங்களுடையது. உள்ளே இருப்பது உடம்பில் தெரியாவிட்டால் அது பாதிதான் என்று நினைத்த மனிதர்களின் சொல்லாக எனக்கு அது படுகிறது. சொல் ஆராய்ச்சியால் நடிகனைக் காப்பாற்ற முடியாதென்றும் தெரியும். ஆனாலும் சிரிக்குமுன் இதை நான் யோசித்திருக்கலாம்.

1993 இல் சித்தப்பா ஷெல் பட்டுச் செத்தார். எனக்கு ஆறு வயது. உடலைக் கொண்டு வந்தபோது அப்பா வாசலில் விழுந்தார், எழும்பினார், நெற்றியில் கையை வைத்துக்கொண்டு செத்துக் கிடந்த தம்பியோடு நீண்ட நீண்ட வசனங்களாகக் கதைத்தார். நான் பயப்படவில்லை. படத்தில் வருவது போல இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் ஓட்டி, ஆளுக்குக் காசு போட்டு, ‘பாசமலர்’ பார்த்த காலம். அப்பா அழுத அழுகை சிவாஜியிடமிருந்து படித்ததா, அல்லது சிவாஜி எங்கள் அப்பாமாரிடமிருந்து எடுத்ததா? எது முந்தியது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அப்பாவின் அழுகை பொய்யில்லை. அதை எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்லுவேன்.

நீதிமன்றம் என்றதும் இன்னொன்று. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் என் அறையில் இன்னொருவரும் இருந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மாதத்தில் விசாரணை. நான் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், திகதி திகதியாக, பத்திரிகை வாசிப்பது போலச் சொல்லி முடித்தேன். அப்படித்தான் எனக்கு வந்தது. வேறு விதமாகச் சொல்லியிருந்தால் இடையில் உடைந்திருப்பேன். அவர் மேசையில் அடித்து அழுதிருக்கிறார், எழுந்து நின்று எப்படி அடித்தார்கள் என்று செய்து காட்டியிருக்கிறார். இருவருக்கும் முதல் முடிவு நிராகரிப்புத்தான். எனக்குப் பட்டவனின் குரல் இல்லையாம். அவருடையது கூடிப்போய்விட்டதாம். (கடிதத்தில் இப்படி இருக்கவில்லை, பிறகு எங்களிடம் வாயால் சொல்லப்பட்டது.) நடந்ததை விட்டுவிட்டு நடையைப் பார்த்த தீர்ப்பு அது. அன்று இரவு முகாமில் எவ்வளவு கொதித்தேன்! அதே தீர்ப்பைத்தான் பிறகு ஒரு நாள் கோப்பை மெசினுக்குப் பக்கத்தில் நின்று நானும் வழங்கினேன்.

இதற்காகச் சிவாஜியின் எல்லாப் படத்தையும் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த பல படங்களை என்னால் பார்த்து முடிக்க முடிவதில்லை. அண்ணையோடு இதில் எனக்குச் சண்டை. அந்தப் படங்களின் குற்றம் குரல் பெருத்ததல்ல. கட்டபொம்மனின் கையும் பெரிதாகத்தான் எழும்புகிறது, ஆனால் எதிரே நிற்கும் ஜாக்சனுக்காக எழும்புகிறது. இந்தப் படங்களில் அது கொட்டகையில் விசிலடிக்கக் காத்திருப்பவனுக்காக எழும்புகிறது. மனைவியைப் பார்த்துப் பேசவேண்டிய கணவன் இரசிகரைப் பார்த்துப் பேசுகிறான். பொய் அங்கேதான் நுழைகிறது. ‘தில்லானா மோகனாம்பா’ளில் (1968) நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள், சிவாஜியிடமிருந்து ஒரு ஸ்வரமும் வரவில்லை. ஆனாலும் அந்தக் கன்னமும் கழுத்து நரம்பும் கர்வமும் அந்த வித்துவானுக்கு உரியவை. அது மிகைதான். பொய்யில்லை.

எங்கள் விமர்சகர்கள் பலருக்கு ‘முதல் மரியாதை’ (1985) மட்டும் பிடிக்கும். அதில் அடங்கி நடித்தாராம். 1954 இலேயே, ஒரு பாட்டும் இல்லாத ‘அந்த நாள்’ படத்தில், வானொலிப் பொறியியலாளனாக அந்த மனிதன் எவ்வளவு தணிந்து நடித்திருக்கிறார் என்று போய்ப் பார்க்கட்டும். தணிய முடியாததால் அவர் உரக்கப் பேசவில்லை. இரண்டும் தெரிந்தவர் எங்கே எதை எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார். சில வேளை பிழையாகத் தீர்மானித்தார்.

அன்று அந்தச் சின்ன அறையில் நிஜமாகவே மிகையாக நடித்த ஆள் ஒருவர் இருந்தார். சிரிப்பு வராத இடத்தில், ஒரு வெள்ளைக்காரப் பெடியன் என்னையும் தன் பக்கத்து ஆளாக எண்ண வேண்டுமென்பதற்காகச் சிரித்தவர்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆட்கள் குறைந்த இரவு, அந்தச் சமையற்காரன் தேத்தண்ணி குடிக்க உள்ளே வந்தான். நானாகத்தான் கதையை எடுத்தேன். அன்று நீ பார்த்த மனிதன் ஒரு சின்னப் பாளையத்தின் தலைவன், முன்னால் நிற்பவன் கிழக்கிந்தியக் கம்பனியின் கலெக்டர், வரி கேட்கிறான், அவனிடம் பீரங்கி இருக்கிறது, இவனிடம் இருப்பது குரல்தான் என்றேன். பெடியன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பிறகு அந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று கேட்டான். தூக்கில் போட்டார்கள், 1799 இல், கயத்தாறு என்ற ஊரில் என்றேன்.

அண்ணை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கைத்தொலைபேசியை எடுத்தார். அந்தக் கட்டத்தைத் தேடிப் பிடிக்க அவருக்கு நேரம் எடுக்கவில்லை. மெசினை நிற்பாட்டச் சொன்னார்.