அப்பாவுக்காக நான் மன்னிக்கலாமா?

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அப்பா பேரில் பூசை கேட்கப் போனபோது பங்குச்சாமி சொன்னார்: "அந்த வித்துவானை உங்கப்பா கடைசி வரைக்கும் மன்னிக்கலை. அவருக்காக நீ மன்னிச்சிடு. உத்தரிக்கிற ஸ்தலத்துல அவருக்கு அது ஆறுதலா இருக்கும்."

நல்ல மனதோடு சொன்னார். ஆனால் எனக்குச் சம்மதமில்லை.

அப்பா தஞ்சாவூரில் மிருதங்கம் கட்டியவர். பலாக்கட்டை, பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் வார். வலந்தலையில் சோற்றோடு கல்பொடி சேர்த்துப் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் கறுப்பு வட்டத்தைச் 'சாதம்' என்பார். நாதம் அதில்தான் இருக்கிறது. இந்த வேலையில் எங்களைப் போன்ற தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. 2020இல் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். அதைப் பார்க்க அப்பா இல்லை.

வித்துவானின் பெயர் வேண்டாம்; ஊரறிந்த பெயர். அவர் வீட்டில் அப்பாவுக்குக் கொல்லைப்புறம்தான். அங்கே கட்டி முடித்த மிருதங்கம் மட்டும் பூஜை அறைக்குள் போகும், சரஸ்வதி பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்ளும். தோலுக்குக் கழிந்த தீட்டு, தோலைத் தொட்ட கைக்குக் கழியவில்லை. அதைக்கூட அப்பா பெரிதாகப் பேசமாட்டார்.

ஒரு ராமநவமிக் கச்சேரி. தனி ஆவர்த்தனத்தின் நடுவே வலந்தலை கிழிந்தது. பகலெல்லாம் வெயிலில் நின்ற காரில் வாத்தியம் கிடந்திருக்கிறது. வித்துவான் மைக்கிலேயே, "தோல்காரன் ஏமாத்திட்டான்" என்றார். சபை சிரித்தது. அப்பா மேடையோரம் நின்றிருந்தார்.

"மைக்ல சொன்னதை மைக்லயே மாத்திச் சொல்லட்டும்." சாகும்வரை அப்பா கேட்டது அவ்வளவுதான். வித்துவானுக்கு வேலை செய்வதை நிறுத்தவில்லை. நல்ல தோல் வந்தால் முன்போலவே அவருக்கென்று எடுத்துவைப்பார். ஒரு வாரைக்கூடத் தளர்வாக இழுத்ததில்லை. அந்த வீட்டுக் காபியை மட்டும் தொடமாட்டார்.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஒருவன் காணிக்கையோடு பீடத்துக்கு வருகிறான். தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது அங்கே நினைவுக்கு வந்தால், காணிக்கையை விட்டுவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்கிறார் இயேசு. மனத்தாங்கல் கொண்டவனை அல்ல, அதற்குக் காரணமானவனைத்தான் பீடத்திலிருந்து திருப்பி அனுப்புகிறார். மாற்கு 11இல், செபிக்க நிற்கும்போதே மன்னித்துவிடு என்றும் சொல்கிறார். தினமும் பரலோக மந்திரம் சொன்ன அப்பாவுக்கு இது தெரியாதா?

மன்னிப்பு என்றால் பழிவாங்காமல் விடுவது என்று வைத்துக்கொண்டால், மறுநாள் காலை அந்த வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்தபோதே அப்பா மன்னித்துவிட்டார். நடந்ததை நடக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் மன்னிப்பு என்றால், அதை அவர் கொடுக்கவில்லை. அப்படி ஒன்றை வேதமும் கேட்கவில்லை.

இருவரும் இன்று இல்லை. வித்துவான்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வாசிப்பை இன்றும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் மன்னிக்கும் உரிமை அவமானப்பட்டவருக்கு உரியது, வீடு நிலம்போல அது பிள்ளைக்கு இறங்கி வருவதில்லை. வித்துவான் சொல்லாமல் போனதைச் சொல்லிவைக்க மட்டும் எனக்கு உரிமை உண்டு: அன்று அப்பாவின் வேலையில் எந்தக் குறையும் இல்லை.